டவுன்லோடு எண்ணிக்கையைப் பாத்து ட்யூன் எடுக்கலாமா? (ஃபோர்ஸா ஹொரைசன் 5, மத்த கேம்களும்)

#1 – வளைவு_மூணு

ஃபோர்ஸா ஹொரைசன் 5 ரேஸ் கேம்ல ஒரு காருக்கு ட்யூன் (மத்த ஆட்டக்காரங்க பாகங்களையும் செட்டிங் எண்களையும் சரிபண்ணிப் பகிர்ந்த செட்டப்) தேடினா, நிறைய பேர் எடுத்ததுதான் முன்னாடி வந்து நிக்குது. பெரும்பாலானவங்க மேல இருக்கிற நாலஞ்சைத் தாண்டிக் கீழ போறதில்ல. அதனால முன்னாடி இருக்கிறது இன்னும் முன்னாடி போகுது. பிரீமியம் எடிஷன்காரங்களுக்கு கேம் 2021 நவம்பர் 5-ம் தேதியே திறந்தது, மத்தவங்களுக்கு 9-ம் தேதி. அந்த நாலு நாள்ல ஏத்தின ட்யூனுக்குப் போட்டியே கிடையாது. மெக்சிகோ வரைபடத்துல எந்த ரேஸுக்கு என்ன பில்டு (பாகங்களோட கூட்டு) ஒத்து வரும்னு அப்ப யாருக்கும் பிடிபடலை. ஆனா அன்னைக்கு ஏறின எண்ணிக்கை இறங்கவே இறங்காது. அந்த எண்ல தெரியறது பாதிக்கு மேல ட்யூனோட வயசுதான்.

இன்னொரு சிக்கல். ஒரே கார், ஒரே ஏ 800 (கார் வகுப்பும் அதோட உச்ச வரம்பு எண்ணும்). அந்தப் பட்டியல்ல தார் ரோடு, மண் பாதை, கிராஸ் கன்ட்ரி, டிராக், ட்ரிஃப்ட் எல்லாம் கலந்து கிடக்கு. பேரைப் பாத்தா "பெஸ்ட் ஏ கிளாஸ்", "ஆல் ரவுண்டர்". எதுக்கு பெஸ்ட்னு ஒரு வார்த்தை இல்ல. எடுத்து மாட்டினாலும் உள்ளே இருக்கிற எண்கள் பூட்டியிருக்கும், ஸ்பிரிங் எவ்வளவு, டிஃப் (டிஃபரன்ஷியல், சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கிற பாகம்) எவ்வளவுன்னு பாக்க முடியாது. அப்போ எடுக்கிறவருக்குக் கையில கிடைக்கிற ஒரே தகவல் பேரும் விவரக் குறிப்பும்தான். அதையே காலியா விட்டா எப்படி?

நீங்கள்லாம் எப்படிச் சலிச்சு எடுக்கறீங்க? "எனக்கு நல்லா போச்சு"ங்கிற பதில் வேண்டாம், செய்முறையாச் சொல்லுங்க.

#2 – ஸ்பிரிங்_ரேட்

எண்கள் பூட்டியிருந்தாலும் பாகங்கள் பூட்டியில்ல. நிறைய பேர் இதைக் கவனிக்கறதில்ல.

ட்யூனை மாட்டினதும் நேரா அப்கிரேடு கடைக்குப் போங்க. எதையும் மாத்தாம, ஒவ்வொரு பிரிவுலயும் எது போட்டிருக்குன்னு மட்டும் பாருங்க. ட்யூன் பண்ணினவர் எதையெல்லாம் தொட்டிருக்கவே முடியாதுங்கிறது அதுலயே தெரிஞ்சுடும். கியர்பாக்ஸ் ஸ்டாக்கா (கம்பெனி கொடுத்தபடி) இருந்தா ஃபைனல் டிரைவை (எல்லா கியருக்கும் பொதுவான கடைசி விகிதம்) அவர் மாத்தியிருக்க முடியாது. ஸ்போர்ட் பாக்ஸ்னா ஃபைனல் டிரைவ் மட்டும், ரேஸ் பாக்ஸ்னாதான் ஒவ்வொரு கியரும் தனித்தனியா. ஆன்டிரோல் பார் (வளைவுல கார் சாயறதைக் குறைக்கிற கம்பி) ஸ்டாக்னா அந்த ஸ்லைடரே திறக்காது. ஸ்பிரிங்கும் டேம்பரும் (ஸ்பிரிங் ஆட்டத்தைத் தணிக்கிறது) ஸ்டாக்கா இருந்தா கேம்பர் (சக்கரத்தோட சாய்வு), டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிக்கிற கோணம்) எதுவும் கைக்கு வராது. டிஃபரன்ஷியல் ஸ்டாக்கா விட்டிருந்தா கார் வளைவை விட்டு வெளியேறும்போது என்ன பண்ணுதோ அது கம்பெனி கொடுத்தது, ட்யூனர் கொடுத்தது இல்ல.

ஒரு உதாரணம். 1998 சுபாரு இம்ப்ரெஸா 22பி, ஏ 800, பேர்ல "டர்ட்"னு போட்டிருக்குன்னு வைங்க. முதல்ல டயர் பாருங்க. ரேலி டயரோ ஆஃப்ரோடு டயரோ இல்லாம ஸ்போர்ட் டயர் இருந்தா அங்கயே கழட்டிடலாம். அடுத்து சஸ்பென்ஷன். ரேலி ஸ்பிரிங் இருந்தா அடி உயரம் கிடைக்கும். ரேஸ் ஸ்பிரிங் போட்டிருந்தா கார் தரையோட ஒட்டி நிக்கும், மேடு குதிச்சு இறங்கும்போது அடி வாங்கும், அந்தக் கணம் சக்கரம் நேரா நிக்காது. மூணாவது டிஃப். நாலு சக்கர டிரைவ் காருக்கு முன், பின், நடு மூணையும் சரிபண்ற டிஃப் இருக்கான்னு பாருங்க. இந்த மூணும் சரியா இருந்தா மட்டும் ஓட்டிப் பாக்கலாம். இதுக்கெல்லாம் ஒரு நிமிஷம் ஆகாது.

ஒரு எச்சரிக்கை: மாட்டும்போது அந்த பில்டுக்கு வேண்டிய பாகங்களை உங்க கிரெடிட்லதான் வாங்கும். இன்ஜின் மாத்தினது, டிரைவ் மாத்தினதுன்னா தொகை பெருசா வரும். கேம் கேக்கிற தொகையைப் படிச்சுட்டு அப்புறம் சரி சொல்லுங்க.

#3 – மண்சாலை

> டயர் பாருங்க, சஸ்பென்ஷன் பாருங்க

இதோட இன்னொண்ணு. காரோட பதிப்பு. ஃபோர்ஸா எடிஷன், வெல்கம் பேக் மாதிரி வந்த கார்களும் சாதாரண காரும் பேர்ல ஒண்ணா இருந்தாலும் கேமுக்கு வேற வேற கார். ஒண்ணுக்குப் போட்ட ட்யூன் இன்னொண்ணுல வராது. "கோடு (ட்யூனைத் தேடி எடுக்கிற எண்) வேலை செய்யலை"ன்னு சொல்றதுல நிறைய இதுதான். இன்னொரு காரணம், ட்யூனர் ஃபைலையே நீக்கியிருப்பார். எண்ணைத் திருத்தி மறுபடி ஏத்தினா கோடும் புதுசாத்தான் வரும், பழைய கோடு தானா புதுசுக்கு மாறாது.

#4 – புது_ஹெல்மெட்

ஒரு சந்தேகம் அண்ணே. ரைவல்ஸ் (தனியா ஓட்டி நேரத்தை மத்தவங்களோட ஒப்பிடற பிரிவு) பட்டியல்ல மேல இருக்கிறவர் போட்ட எஸ்1 900 ட்யூனையே எடுத்து மாட்டினாலும் வளைவுல ஆக்ஸிலேட்டரைத் தொட்டாலே பின்பக்கம் சுத்துது. அவருக்கு மட்டும் எப்படி நிக்குது? ட்யூன் மோசமா, ஓட்டறது மோசமா?

#5 – ஸ்பிரிங்_ரேட்

@புது_ஹெல்மெட், ரெண்டும் இல்ல தம்பி. ட்யூன் எந்த செட்டிங்ஸுக்குப் போட்டதுன்னு யாரும் சொல்லலை, அதான்.

மேல இருக்கிறவங்கள்ல நிறைய பேர் டிராக்ஷன் கன்ட்ரோல் (டிசி), ஸ்டெபிலிட்டின்னு கார் வழுக்காம இருக்க உதவற ரெண்டையும் அணைச்சு, கிளட்ச்சோட மேனுவல் கியர்ல ஓட்டறவங்க. ட்ரிக்கரை (கேம்பேடுல ஆக்ஸிலேட்டர் பட்டன்) பாதி மட்டும் அழுத்தி வளைவை விட்டு வெளிய வருவாங்க. அந்தக் கைப்பழக்கத்துக்கு ஏத்த மாதிரி பின் டிஃப்ல ஆக்ஸிலரேஷன் லாக்கை அதிகம் வச்சிருப்பாங்க. லாக் ஏறினா ரெண்டு பின் சக்கரமும் ஒரே வேகத்துல சுத்தப் பாக்கும். முழு ட்ரிக்கர் கொடுத்தா ரெண்டும் ஒரே நேரத்துல பிடியை விடும், வால் வெளிய போயிடும். லாக் கம்மியா இருந்தா உள் சக்கரம் மட்டும் சுத்தும், வெளிச் சக்கரம் பிடிச்சிருக்கும், கார் மன்னிக்கும், கொஞ்சம் மெதுவா வெளிய வரும்.

ஸ்டீயரிங் செட்டிங்கும் அப்படித்தான். "சிமுலேஷன்"ல ஓட்டறவருக்கு இதமா இருக்கிற முன்பக்கக் கூர்மை "ஸ்டாண்டர்ட்"ல வேற மாதிரி தெரியும். கேம்பேடு, வீல் வித்தியாசம் இன்னும் பெருசு. ஏபிஎஸ் போட்டு ஓட்டறவர் பிரேக் அழுத்தத்தைத் தாராளமா ஏத்தி வச்சிருப்பார். அதே ட்யூனை ஏபிஎஸ் இல்லாம எடுத்தா முதல் பிரேக்லயே சக்கரம் பூட்டிக்கும்.

உங்களுக்கு வேண்டியது ரைவல்ஸ்ல முதல் ஆளோட ட்யூன் இல்ல. அதே வகுப்புல நாலு சக்கர டிரைவ் பில்டோ, குறிப்புல "கன்ட்ரோலர், டிசி ஆன்"னு தெளிவா எழுதினதோ பாருங்க. அரை செகண்ட் மெதுவான ட்யூன்ல சுத்தாம ஓட்டினா, வேகமான ட்யூன்ல ரெண்டு தடவை சுத்தறதை விட முன்னாடி வருவீங்க.

#6 – டெலிமெட்ரி_பக்கம்

பாகம் பாத்தாச்சு, மாட்டியாச்சு. அடுத்து சோதனை. ஃப்ரீ ரோம்ல ஹைவேல ஒரு இழுப்பு இழுத்துட்டு "சூப்பர்"னு லைக் போடறது சோதனை இல்ல. ரைவல்ஸ்ல, போக்குவரத்தும் மத்த கார்களும் இல்லாத ஒரே பாதையை எடுங்க. மூணு சுத்து. முதல் சுத்து டயர் சூடாக, கணக்குல எடுக்க வேண்டாம். ரெண்டாவது சுத்துல நேரம். மூணாவதுல டெலிமெட்ரி (ஓடும்போதே காரோட அளவீடுகளைக் காட்டற திரை).

டயர் வெப்பப் பக்கம் உள், நடு, வெளிப்புறம்னு மூணாப் பிரிச்சுக் காட்டும். ஒரு நீள வளைவோட நடுவுல வெளிப்பக்கச் சக்கரத்தைப் பாருங்க. உள்புறம் மட்டும் கொதிச்சு வெளிப்புறம் குளிர்ந்திருந்தா நெகடிவ் கேம்பர் ஜாஸ்தி. வெளிப்புறம் கொதிச்சா கம்மி. நடு மட்டும் தனியா சூடாச்சுன்னா காத்து அதிகம். காத்து சூட்டுல சில பிஎஸ்ஐ ஏறும், அதனால நின்ன இடத்துல பாக்கற எண்ணை வச்சு முடிவு பண்ணாதீங்க.

சஸ்பென்ஷன் பக்கத்துல மேடு, பள்ளம், கர்ப் (பாதை ஓரத்து விளிம்பு) மேல ஏறும்போது பட்டை முழுசா நிரம்பிட்டா அடி தட்டுதுன்னு அர்த்தம். ஏ 800 தார் ரோடு ட்யூன்ல இது ரொம்ப சாதாரணம். உயரத்தை அடிமட்டத்துக்கு இறக்கி, ஸ்பிரிங்கை மென்மையாவும் விட்டிருப்பாங்க. வழவழ ரோட்டுல நல்லா இருக்கும், தெருப் பந்தயத்துல கர்ப் வெட்டினதும் பறக்கும்.

கியரிங் சோதிக்க ரொம்ப சுலபம். அந்தப் பாதையோட நீளமான நேர் ரோட்டு முடிவுல கடைசி கியர்ல ஆர்பிஎம் (இன்ஜின் சுத்தற வேகம்) எங்க இருக்குன்னு பாருங்க. லிமிட்டரை (ஆர்பிஎம்மோட உச்ச வரம்பு) முட்டிட்டு ரெண்டு மூணு செகண்ட் நின்னா கியரிங் குட்டை. கடைசி கியருக்கே போகலைன்னா நீளம், அந்த ட்யூன் கோலியாத் மாதிரி பெரிய சுத்துக்குப் போட்டதா இருக்கும். டவுன்லோடு பட்டியல்ல மேல இருக்கிற பல எஸ்2 998 ட்யூன்கள் இந்த ரகம். டாப் ஸ்பீடு பெருசா காட்டும், ரெண்டு கிலோமீட்டர் குறுகல் பாதைல மூணாவது கியர்லயே திணறும்.

#7 – கிளட்ச்_கிக்

பூட்டுறதைக் குறை சொல்றதை மட்டும் நான் ஏத்துக்க மாட்டேன். ஒரு நல்ல ட்யூனுக்குப் பின்னாடி நூறு சுத்து இருக்கு. எண்களைத் திறந்து விட்டா, அடுத்த நாளே அதே எண்ணோட, வேற பேர்ல பத்து காப்பி நிக்கும். அதுல எது மூலம்னு தேடறது இப்ப இருக்கிறதை விடக் கஷ்டம். பாகங்கள் தெரியறதாலயே இப்பவும் பாதி காப்பி நடக்குது.

திறந்து விடச் சொல்றதை விட, கேம் ரெண்டு விஷயம் காட்டினா போதும்: எந்த அசிஸ்ட் (ஏபிஎஸ், டிசி மாதிரி உதவிகள்) செட்டிங்ஸோட இந்த ட்யூனைச் சேமிச்சாங்க, இதை மாட்டி ரைவல்ஸ்ல ஓட்டினவங்க என்ன நேரம் எடுத்தாங்க. ரெண்டும் கேமுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச விஷயம்தான்.

#8 – பிபி_600

கிரான் டூரிஸ்மோ 7 ஆடறவங்க பக்கத்துல இருந்து. அங்க நிலைமை நேர்மாறு. கேமுக்குள்ள ட்யூனைப் பகிர வழியே இல்ல. ஒருத்தர் எண்களை எழுதிப் போடுவார், மத்தவங்க ஒவ்வொண்ணா டைப் பண்ணிக்கணும். சலிப்பான வேலை. ஆனா எல்லாம் வெளிச்சத்துல இருக்கு, தப்பு கண்ணுல படும்.

டைப் பண்ணும்போது தப்பு விழுந்ததான்னு பாக்க ஒரு நல்ல வழி பிபி எண் (காரோட திறன் புள்ளி). இந்த கேம்ல பிபி பாகத்தை மட்டும் வச்சுக் கணக்குப் போடறதில்ல. உயரம், டவுன்ஃபோர்ஸ், சஸ்பென்ஷன் எண் மாறினாலும் அசையும். ஷீட்டுல 599.8னு இருந்து உங்களுக்கு 603 காட்டினா எங்கயோ ஒரு எண் தவறிடுச்சு. பேலஸ்ட் (கூடுதலா ஏத்தற எடை), அதோட இடம், பவர் ரெஸ்ட்ரிக்டர் (இன்ஜின் சக்தியைக் குறைக்கிறது) இந்த மூணையும் முதல்ல திரும்பப் பாருங்க. பெரும்பாலும் அங்கதான் இருக்கும்.

ஆனா எண் எல்லாம் சரியா இருந்தும் பொருந்தலைன்னா ஷீட்டோட தேதியைப் பாருங்க. அப்டேட்ல கார்களோட பிபி மாறும். 2024 ஜூலைல வந்த 1.49 அப்டேட் சஸ்பென்ஷன் இயற்பியலையே மாத்திச்சு, சில கார்கள் துள்ளிப் பறந்து, அடுத்த அப்டேட்ல சரிபண்ண வேண்டியதாச்சு. அதுக்கு முன்னாடி எழுதின டேம்பர் எண்களை அப்படியே எடுத்தா கார் வேற மாதிரி நடந்துக்கும். அதனால ஷீட்டுல தேதியோட வெர்ஷன் எண்ணையும் எழுதுங்க.

#9 – காத்தழுத்தம்

@பிபி_600 சொன்ன வெர்ஷன் விஷயம் அசெட்டோ கோர்ஸா காம்பெடிட்சியோனேங்கிற ரேஸ் கேம்ல இன்னும் கூர்மையாத் தெரியும். அங்க செட்டப்புங்கிறது சாதாரண ஜேசான் ஃபைல். டாக்குமென்ட்ஸ்ல கேம் பேர்ல இருக்கிற ஃபோல்டர், அதுக்குள்ள செட்டப்ஸ், அதுக்குள்ள கார், அதுக்குள்ள டிராக். சரியான டிராக் ஃபோல்டர்ல போடலைன்னா அந்த டிராக்கோட பட்டியல்ல காட்டாது. ஃபைல் எடுத்தும் வரலைங்கிறவங்க முதல்ல அதைப் பாருங்க.

2023 ஏப்ரல்ல வந்த 1.9 வெர்ஷன்ல டயர் மாடல் மாறிச்சு. அதுக்கு முன்னாடி ஜிடி3 (ஒரு பந்தய வகுப்பு) காருக்கு உலர் ரோட்டுல சூடான காத்தழுத்தம் 27.5 பிஎஸ்ஐ பக்கத்துல வைப்பாங்க. அதுக்கப்புறம் 26-லிருந்து 27-க்குள்ள. பழைய ஃபைலை அப்படியே ஏத்தினா டயர் ஊதிப்போய் பிடி குறையும், ஓட்டறவர் ஆன்டிரோல் பாரைத் திருகிட்டு இருப்பார். வெப்பநிலையும் உண்டு. தோராயமா ஒரு டிகிரி செல்சியஸுக்கு 0.1 பிஎஸ்ஐ. 22 டிகிரில போட்ட செட்டப்பை 32 டிகிரில எடுத்தா கிட்டத்தட்ட 1 பிஎஸ்ஐ ஏறி நிக்கும், நாலு டயர்லயும் இறக்கணும். செட்டப் போடறவர் வெப்பநிலை எழுதலைன்னா எடுக்கிறவர் ரெண்டு மூணு சுத்து ஓடி காத்தழுத்தத்தை மட்டும் முதல்ல சரிபண்ணிட்டு அப்புறம் மத்ததைத் தீர்மானிக்கணும்.

#10 – மண்சாலை

அலகு! இதை யாரும் பேசலை. எண்ணை எழுதிப் பகிரும்போது பாதிக் குழப்பம் இதுலதான். ஒருத்தர் பார், ஒருத்தர் பிஎஸ்ஐ. 1 பார் 14.5 பிஎஸ்ஐ. "2.0 பார்"னு ஒரு தசமத்தோட எழுதினா அது 28.3-லிருந்து 29.7 பிஎஸ்ஐ வரைக்கும் எதுவா வேணா இருக்கலாம். ரெண்டு தசமம் எழுதுங்க. ஸ்பிரிங்ல 1 கேஜிஎஃப்/எம்எம்ங்கிறது சுமார் 56 பவுண்ட்/இன்ச். 500 பவுண்ட்/இன்ச் ஸ்பிரிங்கை மெட்ரிக்ல 8.93னு போடணும். அலகு எழுதாம வெறும் எண் போட்டா எடுக்கிறவர் ஸ்லைடரைக் கடைசி வரைக்கும் தள்ளிட்டு, ஏன் கல்லு மாதிரி இருக்குன்னு கேப்பார்.

#11 – டெலிமெட்ரி_பக்கம்

எண் எழுதிப் பகிரறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். எடைப் பகிர்வுச் சூத்திரத்துல வந்த எண்ணை மட்டும் போட்டு "ட்யூன்"னு ஏத்தாதீங்க. தெரியாதவங்களுக்கு: ஃபோர்ஸால ஆன்டிரோல் பார் 1-லிருந்து 65 வரைக்கும். முன்பக்கம் 58 சதவீத எடை இருந்தா 64-ஐ 0.58 ஆல பெருக்கி 1 கூட்டுவாங்க: முன் 38.1, பின் 27.9. ஆரம்பிக்க நல்ல இடம்தான். ஆனா முன்பாரம் அதிகமான கார்ல முன் பார் அவ்வளவு கெட்டியா இருந்தா வளைவு உள்ளே திரும்பாது, நேரா தள்ளும். அங்கிருந்து முன்னைத் தளர்த்தி, பின்னை ஏத்தி, ஒவ்வொண்ணா ஓட்டிப் பாத்த அப்புறம்தான் அது ட்யூன். டேம்பரும் அப்படி. பம்ப்பை (ஸ்பிரிங் அமுங்கறதைத் தணிக்கிறது) ரீபவுண்டுல (அது திரும்பி விரியறதைத் தணிக்கிறது) பாதிக்குக் கொஞ்சம் மேல வச்சு ஆரம்பிக்கலாம், மண் பாதைக்கு ரெண்டையும் இறக்கணும். சூத்திரத்தோட நிறுத்தின ட்யூனை வளைவு உள்ளே தள்றதை வச்சே கண்டுபிடிக்கலாம்.

#12 – வளைவு_மூணு

எல்லாருக்கும் நன்றி. @கிளட்ச்_கிக் சொன்னதுக்கு அப்புறம் பூட்டு விஷயத்துல நான் இறங்கி வரேன். எண் தெரியாட்டியும் பரவாயில்ல, குறிப்பு தெரியணும்.

குறிப்புக்கு இடம் கம்மி, அதனால சொல்லாம விடக்கூடாததை மட்டும் ஒரே வரில அடுக்கலாம். இப்படி:

"மண் பாதை. நாலு சக்கரம். கேம்பேடு. ஏபிஎஸ் ஆன், டிசி ஆஃப். மேனுவல். குறுகல் சுத்துக்கு, 230 கி.மீ. வரைக்கும்."

"பெஸ்ட்", "மெட்டா", "இன்சேன்" மூணையும் எடுத்துட்டாலே இதுக்கு இடம் வந்துடும். பேர்லயும் முதல் வார்த்தை பாதை வகையா இருக்கட்டும், பட்டியல்ல வால் வெட்டுப்பட்டாலும் தலை தெரியும்.

தேடற பக்கத்துக்கு: பிரபலம்ங்கிற வரிசையை விட்டு வெளிய வாங்க. அந்த வகுப்புல, அந்த வகைப் பாதைல ரைவல்ஸ் பட்டியலைத் திறந்து, மேல இருக்கிற ஐம்பது பேர்ல உங்க காரை ஓட்டறது யார்னு பாருங்க. அவங்க பேரை ட்யூன் தேடல்ல கிரியேட்டரா போட்டுத் தேடுங்க. அவங்க பொதுவுல எதையாவது ஏத்தியிருந்தா அது ஆயிரம் லைக்கை விட நம்பகமானது. @ஸ்பிரிங்_ரேட் சொன்ன அசிஸ்ட் எச்சரிக்கையை மட்டும் மறக்க வேண்டாம்.

புதுசு வரிசைக்கும் ஒரு நேரம் இருக்கு. வாராந்திர பிளேலிஸ்ட் (கேம் வைக்கிற வாரப் போட்டிகள்) நம்ம நேரம் வியாழக்கிழமை ராத்திரி 8 மணிக்கு மாறும். பி 700, குறிப்பிட்ட ஒரு கார்னு கட்டுப்பாடு வச்சா, அன்னைக்கும் மறுநாளும் புதுசு வரிசைல அதே கட்டுப்பாட்டுக்குன்னே போட்ட ட்யூன்கள் வரும். ஒரு வாரம் கழிச்சா அதெல்லாம் அடில போய் யாரும் தொடாமக் கிடக்கும். அதுல நல்லது கிடைச்சா கோடைக் குறிச்சு வச்சுக்குங்க.

#13 – புது_ஹெல்மெட்

அப்போ நாமே ஒரு கூகுள் ஷீட் வச்சுக்கலாமே? ஒன்பது இலக்கக் கோடு, கார், வகுப்பு, பாதை. வேற என்ன பத்தி வேணும்?

#14 – கிளட்ச்_கிக்

அசிஸ்ட், டிரைவ், கார் எந்தப் பதிப்பு, டயர் வகை, யார் சோதிச்சாங்க, எந்தப் பாதைல, என்ன நேரம். ட்யூனரோட பேர் கட்டாயம். உழைச்சவர் பேர் இல்லாத வரியைச் சேர்க்காதீங்க.

ஏ, எஸ்1-க்கு எங்க தேடினாலும் கிடைக்கும். சி 600, டி 500 பத்தியை முதல்ல நிரப்புவோம். அங்க ஒரு காருக்கு மொத்தமே நாலு ட்யூன்தான் இருக்கும், அதுல ரெண்டு டிராக்.

#15 – மண்சாலை

"கடைசியா சோதிச்ச தேதி"ன்னு ஒரு பத்தி சேருங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை யாராவது கோடைப் போட்டுப் பாத்து, வரலைன்னா வரியைச் சிவப்பாக்கணும், அழிக்க வேண்டாம். அதே ட்யூனர் புது கோடுல மறுபடி ஏத்தியிருந்தா பக்கத்துலயே எழுதிக்கலாம். டி 500 மண் பாதையை நான் எடுத்துக்கறேன்.